தையலைப் படியவைக்கும் வெப்பமும் ஈரமும்

பருத்தித் துண்டுகளை இணைத்துச் செய்யும் கில்ட் போர்வையில், துண்டுகளை அளந்து வெட்டி, கால் அங்குல ஓரம் விட்டு நேராகத் தைத்த பின்னும் கட்டங்கள் பொருந்தாமல் போவதுண்டு. அப்போது பலரும் தையலையே சந்தேகிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இஸ்திரி போட்ட விதத்தைத்தான்.

ஒவ்வொரு தையலிலும் துணி முழுதாக விரியாமல் 1 மில்லிமீட்டர் மடிந்தே நின்றால், எட்டுப் பட்டைகள் கொண்ட கட்டம் ஏழு தையல்களில் 7 மில்லிமீட்டர் குறுகிவிடும். அது கால் அங்குலத்தையும் மிஞ்சும்.

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பக்கவாட்டில் பற்றியிருக்கின்றன. சுருக்கம் விழுந்த துணியில் அந்தச் சுருக்கத்தை நிலைநிறுத்துவதும் இவைதான். ஈரம் இழைக்குள் புகுந்து இப்பிணைப்புகளைத் தளர்த்துகிறது; வெப்பம் சங்கிலிகளை நகரச் செய்கிறது; மேலிருந்து வரும் அழுத்தம் புது வடிவத்தைத் தருகிறது. ஆனால் ஈரம் வெளியேறித் துணி ஆறும்போதுதான் பிணைப்புகள் மீண்டும் உருவாகி அவ்வடிவம் நிலைக்கிறது. எனவே, சூடான துணியை உடனே பலகையிலிருந்து இழுத்தெடுத்தால் செய்த வேலையில் பாதி வீணாகும். தேர்ந்தவர்கள் தையலின்மேல் கனமான மரக்கட்டையை வைத்து ஆறவிடுவது, மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே அழுத்தத்தைத் தொடர்வதால்தான்.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் நெசவில் இருக்கிறது. பாவு (நெடுக்கு நூல்) அல்லது ஊடையின் (குறுக்கு நூல்) திசையில் இழுத்தால் நூல்களே தடுத்துவிடும். 45 பாகையில் இழுத்தாலோ, நூல் நீளாமலே சதுரக் கண்கள் சாய்சதுரங்களாகச் சரிந்து துணி நீண்டுவிடும். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டிய முக்கோணங்களின் நீண்ட பக்கம் முழுவதும் நூல்களுக்கு 45 பாகையில் சாய்ந்த இத்தகைய கிராஸ் விளிம்பு என்பதால், அங்கே மிகுந்த கவனம் தேவை.

தைத்த துணியை விரிக்குமுன் தையலின்மேல் ஒருமுறை பெட்டியை வைத்தெடுத்தால் நூல் துணிக்குள் பதியும். பிறகு விரித்து, ஓரங்களை அடர்நிறத் துணியின் பக்கம் படியவைப்பது வழக்கம். வெளிர்நிறத் துணியின் வழியே ஓரம் நிழலாகத் தெரியாது. சந்திக்கும் இரு தையல்களின் ஓரங்களை எதிரெதிர்த் திசைகளில் படியவைத்தால், மேடுகள் ஒன்றையொன்று முட்டி நின்று மூலைகள் துல்லியமாகப் பொருந்தும். ஒரே பக்கம் மடக்கினால் அங்கே மூன்று அடுக்கும் மறுபக்கம் ஓர் அடுக்குமாகும்; இரு ஓரங்களையும் தையலின் இருபுறமும் பிரித்து வைத்தால் இருபுறமும் இரண்டடுக்கு. நட்சத்திர வடிவங்களைப் போலப் பல முனைகள் கூடும் இடத்தில் பிரித்து வைப்பதே நல்லது.

நனைக்காத பருத்தி நீராவியில் சுருங்கக்கூடும். ஆகவே நீராவி பயன்படுத்துவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே துணி முழுவதற்கும் ஒருமுறை நீராவி காட்டி ஆறவிட வேண்டும்.