கூலரின் கரன்ட் பில்லைத் தண்ணீர் கட்டுகிறது

"ஏசி 1,500 வாட் இழுக்கிறது, ஏர் கூலருக்கு 200 வாட் போதும் என்கிறார்கள். ஏமாற்று வேலையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏமாற்று இல்லை. ஆனால் இரண்டும் செய்வது ஒரே வேலை அல்ல.

ஏசி அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. மின்சாரத்தைத் தின்பது அதற்கான கம்ப்ரசர். கூலரில் அது கிடையாது. மின்விசிறி, சின்ன பம்ப், ஈரமான பேட் (காற்று புகுந்து வரும், தண்ணீர் ஊறிய மெத்தை), அவ்வளவுதான்.

புறங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊதிப் பாருங்கள். ஜில்லென்கிறதல்லவா? சொட்டுக்குள் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மந்தம், சில படு துடி. அக்கம்பக்கத்துப் பிடியை உதறிவிட்டு மேற்பரப்பிலிருந்து தப்புவது பெரும்பாலும் துடியானவைதான். கூட்டுக் குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டால், மிச்சமிருப்பவர்களின் சராசரி வருமானம் என்னாகும்? இங்கே அந்தச் சராசரிக்குப் பெயர்தான் வெப்பநிலை. மிஞ்சிய தண்ணீர் குளிர்ந்து, தோலிடமிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதில் தெம்பு பெற்ற இன்னும் சில மூலக்கூறுகள் கிளம்புகின்றன. போனவை திரும்பி வராமல் விரட்டுவது உங்கள் ஊதல்.

இப்படி ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 30 டிகிரியில் சுமார் 2,430 கிலோஜூல் வேண்டும். மணிக்கு 10 லிட்டர் குடிக்கும் கூலர், ஏறக்குறைய 6.7 கிலோவாட் வீதம் காற்றின் வெப்பத்தைப் பறிக்கிறது. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து அள்ளும் வெப்பமே 5.3 கிலோவாட்தான்! ஆனால் கூலரில் அந்த வெப்பம் எங்கும் போகவில்லை, நீராவிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நீராவி வெளியேறத்தான் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். திறந்தால் குளிர்ந்த காற்றும் அதோடு போய்விடும் என்பதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் பாச்சா பலிக்காது. 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் என்றால் நல்ல பேட் 26 வரை இறக்கும். 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் 31-இல் நின்றுவிடும்.

தொட்டியில் ஐஸ் போடுவது என்னைப் பொறுத்தவரை மூடநம்பிக்கை. 2 கிலோ ஐஸ் உருகி இழுக்கும் வெப்பம், அதே கூலருக்கு இரண்டு நிமிட வேலைகூட இல்லை. அந்த ஐஸை உறையவைக்க ஃபிரிட்ஜ் தின்ற மின்சாரம் தனி.

உண்மையான செலவு தண்ணீரும் பேடும்தான். தண்ணீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு ஆவியாகாது. தொட்டியை அவ்வப்போது வடித்து, புதுத் தண்ணீர் விட வேண்டும். நான் ஒரு கோடை முழுக்க அதைச் செய்யாமல் விட்டேன். பேட் வெள்ளை பூத்துக் கல்லாகி, தட்டினால் டொக் டொக்கென்றது.