பார்க்கின்சன் நோயில் தோன்றும் மாயக் காட்சிகள்

பார்க்கின்சன் நோய்க்காகச் சேலத்தில் என்னிடம் வருகிறவர்களின் வீட்டார் கை நடுக்கத்தைச் சொல்வார்கள், நடை தளர்ந்துவிட்டதைச் சொல்வார்கள்; இல்லாத ஆட்கள் அப்பாவின் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்பதை மட்டும் நானாகக் கேட்டாலொழியச் சொல்வதில்லை. புத்தி பேதலித்துவிட்டதாக ஊர் பேசுமே என்ற அச்சம் சிலருக்கு. காத்துக் கருப்பு அண்டிவிட்டதென்று மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், மருமகள் வெளியே போன பிறகே, "பொழுது சாஞ்சா ரெண்டு சின்னப் புள்ளைங்க வந்து திண்ணையில உக்காந்துக்குதுங்க, ஒண்ணும் பேசறதில்லீங்க" என்றார். அவை நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தொடக்கத்தில் இந்தத் தெளிவு பலருக்கும் இருக்கும் என்பதால், அது மங்குவதற்குள் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இந்நோயை 1817இல் விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பழுதடைவதில்லை என்று எழுதினார். அது அப்படியில்லை என்பதை இன்று அறிவோம்.

கண் அனுப்பும் செய்தியை மட்டும் கொண்டு மூளை பார்ப்பதில்லை. முன்பு கண்டவற்றின் நினைவிலிருந்து ஓர் ஊகத்தை எழுப்பி, அதைக் கண் சொல்வதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. சேர்வராயன் மலைப் பனிமூட்டத்தில் சில்வர் ஓக் மரம் ஆள் நிற்பதுபோலத் தோன்றினாலும் கிட்டப் போனதும் மரமாகிவிடுவது இதனால்தான். பார்க்கின்சன் நோயில் இந்தத் திருத்தம் பல இடங்களில் ஒருசேரத் தளர்கிறது. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் விழித்திரையிலேயே குறைவதால் மங்கலான ஒளியில் உருவங்களின் விளிம்பு தெளிவதில்லை. ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் திரண்டு உருவாகும் லூயி திரள்கள், உருவங்களையும் நினைவையும் கையாளும், மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டுமடலின் உட்பகுதிகளில் மிகுந்திருப்பது, மாயக் காட்சி கண்டவர்களின் மூளைகளில் காணப்பட்டிருக்கிறது. முன்மூளையின் அடியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் இன்னொரு செய்திப் பொருளை வழங்கும் நரம்பணுக்கள் அழிவதால், கவனத்தை வெளியுலகின்மேல் நிறுத்தும் வலையமைப்பு வலுவிழக்க, நினைவுகளையும் கற்பனையையும் எழுப்பும் வலையமைப்பு மேலோங்குகிறது. கண் தரும் சான்று மெலிந்து, ஊகமே காட்சியாகிவிடுகிறது.

மாத்திரையால்தான் இது வருகிறது என்பது பாதி உண்மை. மருந்தே தொடங்காதவர்களுக்கும், யாரோ அருகில் இருப்பதுபோன்ற உணர்வு வருவதுண்டு. ஆயினும் பிரமிபெக்சோல், அமன்டடின் போன்ற இந்நோய்க்கான மருந்துகள் இதைத் தூண்டக்கூடும். நடுக்கத்துக்காக வழங்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், ஏற்கெனவே குன்றியிருக்கும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பதால், முதியவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதற்காக வீட்டாரே மாத்திரைகளைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது; இந்நோயின் முதன்மை மருந்தான லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் தசை இறுக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

காட்சிகள் ஓரிரு நாளில் திடீரெனப் பெருகினால் முதலில் சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, சோடியம் குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்புரை இருந்தால் அறுவை செய்துகொள்வதும், அந்தி சாயுமுன் கூடத்திலும் திண்ணையிலும் நல்ல வெளிச்சமுள்ள விளக்கைப் போடுவதும் பலருக்கு உதவுகின்றன. மருந்து தேவைப்பட்டால் ரிவாஸ்டிக்மின், குவெட்டியாபின், இரத்த அணுக்களைக் கண்காணித்தபடி குளோசபின் என வழிகள் உள்ளன. மனக் கலக்கத்தை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால் டோபமைனை அடைத்து உடலை முடக்கிவிடும் என்பதால், நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தாலும், இவருக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது என்பதையே முதலில் சொல்லுங்கள்.