மக்கள் பிரதிநிதிக்கு வேண்டியது ஒருமைப்பாடு அல்ல, நேர்மை

"தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கு நேர்மை மற்றும் ஒருமைப்பாடு மிகவும் அவசியம்." பாலக்கோட்டில் நடந்த ஒரு வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் கொடுத்த துண்டறிக்கையின் முதல் வரி இது. இதே வரியை, ஒரு சொல் முன்னே பின்னே இருக்க, தருமபுரியில் ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் மாணவர் பேச்சுப் போட்டித் தலைப்பிலும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஹானஸ்டி', 'இன்டெக்ரிட்டி' என்று அடுத்தடுத்து இருந்ததை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள். முதல் சொல்லையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது சொல் தப்பு. சொல்ல வந்த செய்தியையே வேறு பக்கம் திருப்பிவிடுகிற தப்பு.

பாலக்கோட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு முன்னாள் வார்டு உறுப்பினர், ஐம்பதைத் தாண்டிய அம்மா. துண்டறிக்கையை விரல் வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு, "சார், ஒருமைப்பாடுன்னா கட்சி மாறாம இருக்கறதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, காசு வாங்காம, யாருக்கும் வளையாம இருக்கறதைச் சொல்றாங்க" என்றேன். "அப்ப அதையே போட்டிருக்கலாமே" என்றார். ஊராட்சித் தீர்மானங்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர் அவர். அவருக்கே இந்த வரி கட்சிக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவதாகப் படுகிறது என்றால் குறை எழுதியவரிடம்தான்.

'இன்டெக்ரிட்டி' என்ற சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். இலத்தீனில் 'தொடு' என்று பொருள்படும் வினையோடு மறுக்கும் முன்னொட்டு ஒன்று சேர்ந்து 'இன்டெகெர்' ஆனது. தொடப்படாதது, சேதப்படாதது, முழுசானது என்று பொருள். கணக்கில் முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்' அதே சொல்தான். அப்புறம் இது இரண்டு கிளையாகப் பிரிந்தது. நிலம், நாடு, பொருள் என்று வரும்போது துண்டுபடாமல் இருப்பது. மனிதனுக்கு வரும்போது கெடாமல், விலைபோகாமல் இருப்பது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. தமிழுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஒருமைப்பாடு எங்கிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது? அரசமைப்பிலிருந்துதான். 1963-இல் வந்த 16-ஆவது திருத்தம், வேட்பாளர்களும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் எடுக்கும் உறுதிமொழியில் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற தொடரைச் சேர்த்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் முகப்புரையிலும் அதே சொல்லைக் கொண்டுவந்தது. அங்கே ஒருமைப்பாடு மிகப் பொருத்தம். நாடு பிரிந்து போகாமல் ஒன்றாக இருப்பது என்று யாருக்கும் புரியும். ஆனால் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்: சட்டமன்ற உறுப்பினர் எடுக்கும் உறுதிமொழியில் 'இன்டெக்ரிட்டி' என்று வருவது நாட்டுடையது, உறுப்பினருடையது அல்ல. அவருடைய ஒழுக்கத்துக்கு அந்த வாசகத்தில் இருப்பது, கடமையை உண்மையாகச் செய்வேன் என்ற அளவுதான். அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இன்றி எல்லாருக்கும் நீதி செய்வேன் என்ற வாசகம் அமைச்சர்களுக்குத்தான் உண்டு, சாதாரண உறுப்பினருக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழியில் பார்த்த சொல்லை எடுத்து ஆளின் குணத்துக்கு ஒட்டிவிட்டார்.

குழப்பத்துக்கு நாட்காட்டியும் ஒரு காரணம். அக்டோபர் 31 பட்டேல் பிறந்த நாள். 2014-இலிருந்து அன்று தேசிய ஒற்றுமை நாள். அரசு அலுவலகங்களில் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காக்கும் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதே நாள் வருகிற வாரம்தான் ஊழல் கண்காணிப்பு விழிப்புணர்வு வாரமும். அதில் லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று இன்னொரு உறுதிமொழி. ஆங்கிலத்தில் இரண்டிலும் 'இன்டெக்ரிட்டி' உண்டு. ஒரே வாரத்தில் இரண்டு தாளையும் மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொன்னால், அவசரத்தில் ஒரு தாளின் சொல் மற்றதில் ஏறிவிடும். இந்தியில் இந்தத் தொல்லை இல்லை. நாட்டுக்கு 'அகண்டதா', ஆளுக்கு 'சத்யநிஷ்டா' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் நாட்டுக்கு 'அகண்டதெ' என்றும் நல்ல ஆளின் குணத்துக்கு 'பிராமாணிகதெ' என்றும் சொல்கிறார்கள். தெலுங்கில் குணத்துக்கு 'நிஜாயிதீ'. ஒரே பேருந்து நிலையத்தில் நின்று பேசும் மூன்று மொழிகளில் இரண்டு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தமிழை மட்டும் நாம் குழப்பி வைத்திருக்கிறோம்.

ஒருமைப்பாட்டுக்கு வாதாடும் நண்பர்கள் உண்டு. அவர்கள் தமிழறியாதவர்கள் அல்ல, அதனால் அவர்கள் பக்கத்தையும் முழுசாக வைத்துப் பார்க்க வேண்டும். நினைப்பு, சொல், செயல் மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் இந்தக் குணம், ஆகவே ஒருமை என்ற வேர் சரி என்கிறார்கள். சான்றுக்குக் குறளும் காட்டுகிறார்கள்: "ஒருமை மகளிரே போலப் பெருமையும் தன்னைத்தான் கொண்டொழுகின் உண்டு." இங்கே ஒருமை என்பது மனம் வேறு பக்கம் போகாத உறுதி. தன்னைத் தானே காத்துக்கொள்வது என்றும் அந்தக் குறளே சொல்கிறது. நல்ல சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் குறளில் இருப்பது ஒருமை; நாம் பேசுவது ஒருமைப்பாடு. '-பாடு' சேர்ந்த பிறகு அந்தச் சொல் பல பேர் ஒன்றுபடுவதைக் குறிக்கப் போய்விட்டது. தேசிய ஒருமைப்பாடு, சமூக ஒருமைப்பாடு, தொழிலாளர் ஒருமைப்பாடு என்றுதான் இன்று காதில் விழுகிறது. தனி ஆளுக்கு அதைச் சொன்னால், யாரோடு ஒன்றுபடுவது என்ற கேள்விதான் எழும். அந்த அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

இன்னொரு பெரிய தடை இருக்கிறது. நினைப்பு, சொல், செயல் ஒன்றாக இருந்தாலே நல்லவன் ஆகிவிடுவானா? நான் வாங்கத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, வாங்கியும் காட்டுகிற ஆளுக்கு உள்ளும் புறமும் ஒன்றுதானே. ஒன்றியக் கூட்டத்தில் சாலை வேலைக்கு எத்தனை சதவீதம் என்று உறுப்பினர்கள் கூடிப் பேசி, சண்டை சச்சரவு இல்லாமல் பங்கு பிரித்துக்கொண்டால் அங்கே இருப்பது முழு ஒருமைப்பாடு. களவாணிக் கூட்டத்துக்கும் பொருந்துகிற ஒரு சொல் எப்படி மக்கள் பிரதிநிதியின் உயர்ந்த குணத்துக்குப் பெயராகும்?

இது கற்பனை வாதமும் இல்லை. 1993-இல் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது சில உறுப்பினர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றாக வாக்களித்ததாக வழக்கு நடந்தது. வாங்கிய காசுக்கு ஏற்ப வாக்களித்தவர்களை அவையின் சிறப்புரிமை காக்கும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச் 4 அன்று 7 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, லஞ்சம் வாங்கிப் பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. சேர்ந்து வாக்களித்த உறுப்பினர்களிடம் ஒருமைப்பாட்டுக்கு என்ன குறை? இல்லாமல் போனது வேறு ஒன்று. அந்த வேறு ஒன்றுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அது என்ன என்று பார்க்க, 1995-இல் பிரிட்டனின் நோலன் குழு பொதுப் பதவியில் இருப்பவர்களுக்கு வகுத்த 7 நெறிகள் உதவும். அதில் ஹானஸ்டியும் இன்டெக்ரிட்டியும் தனித்தனி. முதலாவது உண்மை பேசுவது. இரண்டாவது, வேலையில் தலையிடக்கூடிய யாருக்கும் கடமைப்பட்டவராக ஆகாமல் இருப்பது. இது நம் ஊருக்கு நேராக வந்து தைக்கிற இடம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டு உறவில் அது நல்ல பண்பு. தேர்தல் செலவுக்குக் கொடுத்த குவாரிக்காரரையும் ஒப்பந்தக்காரரையும் உள்ளளவும் நினைக்கிற உறுப்பினர், ஓட்டுப் போட்டவர்களை மறந்துவிடுவார். பொய்யே சொல்லாத ஒருவரும் இப்படி வளைந்து போகலாம். அதனால்தான் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டியிருக்கிறது.

வள்ளுவர் இந்த இரண்டையும் ஒரே குறளில் பிரித்து வைத்திருக்கிறார். நடுவு நிலைமை அதிகாரத்தில், "சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்." கோட்டம் என்றால் வளைவு. சொல்லில் வளைவு இல்லாதது செப்பம், ஆனால் உள்ளே வளைவு இல்லை என்பது உறுதியாக இருந்தால்தான். சொற்கோட்டம் இல்லாதது ஹானஸ்டி. உட்கோட்டம் இல்லாதது இன்டெக்ரிட்டி. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

அப்படியானால் செப்பம் என்றே போடலாமே என்று தோன்றும். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று சாலையைச் செப்பனிடுகிறோம், கட்டுரையைச் செப்பம் செய்கிறோம். ஆளின் குணமாக அந்தச் சொல் வழக்கில் இல்லை. வளைவின் எதிர்ச்சொல்லாக மக்கள் நாவில் உயிரோடு இருப்பது நேர். இதுவும் பழைய சொல்தான். 'நேர்பட ஒழுகு' என்று ஆத்திசூடியில் படித்த பிள்ளைக்கு நேர்மை விளங்கும். கோணல் புத்தி என்றால் என்ன என்று தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆகவே ஹானஸ்டிக்கு வாய்மை, இன்டெக்ரிட்டிக்கு நேர்மை. பாலக்கோட்டுத் துண்டறிக்கை நேர்மையை முதல் சொல்லுக்குச் செலவழித்துவிட்டு, இரண்டாவதுக்கு வழியில்லாமல் ஒருமைப்பாட்டைப் பிடித்தது.

நாணயம்? நல்ல சொல். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பவர், சொன்ன சொல் தவறாதவர் என்று சந்தையில் அதற்கு மதிப்பு இருக்கிறது. நாண் என்ற வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு, வடமொழியின் நாணகத்தோடு சேர்ப்பவர்களும் உண்டு. எதுவானாலும் அது கொடுக்கல் வாங்கலின் குணம். கமிஷன் பங்கைச் சொன்னபடி பிரித்துக் கொடுப்பவனையும் கூட்டாளிகள் நாணயமானவன் என்பார்கள், அதனால் பதவிக்கு அது போதாது. யோக்கியம் என்றாலோ தகுதி என்ற பொருளின் பக்கம் போய்விடுகிறது. பேச்சில் நம் மாவட்டங்களில் கேட்கும் சொல் கைசுத்தம். 'அவரு கைசுத்தமான ஆளு' என்றால் விவாதம் முடிந்தது. தொடப்படாதது என்ற இலத்தீன் பொருளுக்கு இதைவிடக் கிட்டத்தில் எந்தச் சொல்லும் வராது. மேடையிலும் துண்டறிக்கையிலும் தயங்காமல் போடலாம். சட்ட வாசகத்துக்கு மட்டும் நேர்மை இருக்கட்டும்.

இந்தக் குணத்தின் எதிர்ப்பக்கத்துக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: ஊழல். ஊழ்த்தல் என்றால் பதனழிதல், அழுகிப் போதல். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1922-இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பில், சுயராஜ்யம் வந்ததும் தேர்தலும் அதன் ஊழலும் பணத்தின் கொடுமையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று பயந்தார். கெட்டதற்கு இவ்வளவு கூர்மையான சொல்லை வைத்துக்கொண்டு, நல்லதற்கு மங்கலான சொல்லை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

நாட்டின் ஒருமைப்பாடும் ஆளின் நேர்மையும் எந்த இடத்தில் சேர்கின்றன என்பதையும் தகடூர் அதியமானைப் பாடிய ஔவையார் சொல்லியிருக்கிறார். நாடோ காடோ, பள்ளமோ மேடோ, "எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை வாழிய நிலனே." புறநானூறு 187. நிலத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசினால்தான் இந்தப் பாட்டுக்குப் பொருள்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம், அவர்கள் அகராதியின் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. இப்போது கணினியே மொழிபெயர்த்துக் கொடுப்பதால் அது பத்து மடங்காகிவிட்டது. நிதி ஒருமைப்பாடு, தரவு ஒருமைப்பாடு, நீதித்துறை ஒருமைப்பாடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. இடையில் 'மற்றும்' வேறு. குணத்தைக் கண்ணுக்குத் தெரியாத பெயர்ச்சொல்லாகச் சுருட்டி வைத்தால் யாரையும் அது சுடாது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலைக்குத் தகுதியில்லாதவரைப் பட்டியலிடும்போது எந்தக் குணப் பெயரையும் தேடவில்லை. வாரியத்தில் இருந்து "கணக்குக் காட்டாதே இருந்தார்" என்றே பொறித்தது. அவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. 10-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அது. இன்றைக்கு வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தருகிறார். 2002-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்த விவரங்களைச் சொல்வது கட்டாயமானது. அதுவும் கணக்குக் காட்டுவதுதான். விழிப்புணர்வுத் தாள்களில் இப்படிச் செயலாக எழுதினால் போதும்: பொய்க் கணக்குக் காட்டாதவர், யார் பணத்துக்கும் வளையாதவர்.

கடைசியாக, 'எலெக்டோரல் இன்டெக்ரிட்டி' என்று தேர்தலைப் பற்றி வரும்போது என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே பேச்சு ஆளைப் பற்றியது அல்ல, நடைமுறையைப் பற்றியது. தேர்தல் தூய்மை என்றால் சரியாக இருக்கும். தேர்தல் ஒருமைப்பாடு என்று போட்டால், எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தேர்தல் வைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.