கடைசி மூன்று கிலோவும் கலோரிக் கணக்கும்

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்கும் பலருக்கு முதல் சில மாதங்கள் எளிதாகவே கழிகின்றன. சர்க்கரை, தானியம், கிழங்கு ஆகியவற்றை விலக்கிவிட்டு மற்றவற்றைப் பசி அடங்கும்வரை உண்டாலும் எடை இறங்கிக்கொண்டே போகிறது. இந்த உணவுமுறையில் கலோரி பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை வேரூன்றுவது இப்போதுதான். பிறகு, இலக்கை எட்ட மூன்று நான்கு கிலோ மட்டுமே மீதமிருக்கும் நிலையில், எடை அப்படியே நின்றுவிடுகிறது. தட்டில் இருப்பதும் விலக்கி வைத்திருப்பதும் முன்புபோலவேதான் இருக்கின்றன. ஆனாலும் வாரக்கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. உடலின் வளர்சிதை மாற்றமே கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டுவதுண்டு. பெரும்பாலானோருக்கு எதுவும் கெட்டிருப்பதில்லை. உண்பதற்கும் செலவழிப்பதற்கும் இடையே முன்பு இருந்த பெரிய இடைவெளி சுருங்கி, கண்ணளவில் பிடிபடாத அளவுக்கு வந்திருக்கிறது.

தொடக்க வேகத்தை அளவுகோலாகக் கொள்வதுதான் முதல் சிக்கல். நம் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 400 கிராம் அல்லது அதற்குச் சற்று மேலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் பிணைந்திருக்கிறது. மாவுச்சத்து வரத்து குறைந்ததும் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கரைகிறது; பிணைந்திருந்த நீரும் உடன் வெளியேறுகிறது. இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகங்கள் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றி, அதனுடன் மேலும் கொஞ்சம் நீரை இழக்கச் செய்கின்றன. ஆகவே முதல் பத்து நாட்களில் இறங்கும் இரண்டு கிலோவில் கொழுப்பின் பங்கு சிறியது. அந்த வேகம் திரும்ப வரவில்லையே என்று ஐந்தாவது மாதத்தில் வருந்துவதில் பொருளில்லை.

அதன்பின் கரைவது உண்மையான கொழுப்பு. அதற்கு முதன்மைக் காரணம், நாம் அறியாமலேயே குறைவாக உண்பதுதான். புரதம் கூடுவதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது. கொறிக்கும் பண்டங்களில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்தே நீங்கிவிடுகின்றன. கொழுப்பு எரியும்போது கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன்கள் என்ற பொருள்களும் பலருக்குப் பசியை மட்டுப்படுத்துகின்றன. இது எல்லோருக்கும் எப்போதும் நடந்தே தீரும் விதி அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், எந்தக் குழுவுக்கும் கலோரி இலக்கு கொடுக்கப்படவில்லை. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல் அடிப்படையில் இது ஒரு வேறுபாடே அல்ல. கெவின் ஹால் தலைமையில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து நடத்தப்பட்டு 2021-இல் வெளியான சோதனையில், விரும்பிய அளவு உண்ணலாம் என்று விட்டபோது, மாவுச்சத்து குறைந்த உணவில் இருந்த இரண்டு வாரங்களைவிட, கொழுப்பு குறைந்த தாவர உணவில் இருந்த இரண்டு வாரங்களில்தான் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டார்கள். மாவுச்சத்தைக் குறைப்பது பசியை ஆளும் வழிகளில் ஒன்று. கலோரியிலிருந்து விலக்கு அளிக்கும் அனுமதிச்சீட்டு அல்ல.

இங்கே ஒரு குழப்பத்தைச் சற்று விரிவாகவே பிரித்துப் பார்க்க வேண்டும். சிறுநீரில் கீட்டோன் இருப்பதைக் காட்டும் சோதனைத் தாளில் நிறம் மாறியதும், உடல் கொழுப்பை எரிக்கிறது என்று மகிழ்கிறோம். கொழுப்பை எரிப்பது உண்மைதான். எந்தக் கொழுப்பை என்பதுதான் கேள்வி. உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலில் செரிக்கப்பட்டு, கைலோமைக்ரான் எனப்படும் நுண்துகள்களாகப் பொதியப்பட்டு, நிணநீர் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. நுண்குழாய்ச் சுவர்களில் காத்திருக்கும் ஒரு நொதி அவற்றை உடைத்து, கொழுப்பு அமிலங்களைத் தசைகளுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. இன்சுலின் குறைவாக இருந்தாலும் சேமிப்பு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து ஒருபக்கம் வெளியேற்றமும் மறுபக்கம் சேர்க்கையும் நாள்முழுவதும் நடந்துகொண்டேயிருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடுப்பளவில் தெரிகிறது. காலையில் காபியில் கலந்த வெண்ணெயிலிருந்தும் கல்லீரல் கீட்டோன் தயாரிக்கும்; தொடையில் சேர்ந்த கொழுப்பிலிருந்தும் தயாரிக்கும். சோதனைத் தாளுக்கு இரண்டும் ஒன்றே. ஹால் குழுவினரின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. 17 ஆண்களுக்குக் கலோரியை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் மிகக் குறைத்தபோது, இன்சுலின் இறங்கியது, கொழுப்பு எரிப்பு உயர்ந்தது; ஆனால் உடல் கொழுப்பு கரையும் வேகம் கூடவில்லை. எரிப்பு கூடியதற்கு ஏற்ப உணவில் வரும் கொழுப்பும் கூடியிருந்ததே இதற்குக் காரணம்.

இப்போது இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்பதை எண்களில் பார்க்கலாம். 40 வயது, 160 செ.மீ. உயரம், 78 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1990-இல் வெளியாகி இன்றும் உணவியல் நிபுணர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்ளின் சமன்பாட்டின்படி, அவர் உடல் ஓய்வில் செலவழிப்பது 1,419 கலோரி. அதிகம் உடல் உழைப்பில்லாத வாழ்க்கை என்று கொண்டு 1.4-ஆல் பெருக்கினால், நாள் செலவு ஏறக்குறைய 1,990. அவர் எதையும் எண்ணாமலேயே 1,500 கலோரி உண்கிறார் என்றால் பற்றாக்குறை 490. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்ற வழக்கமான மதிப்பின்படி, வாரத்துக்கு ஏறத்தாழ 450 கிராம் கரையும். அதே பெண் 65 கிலோவுக்கு வந்ததும், சமன்பாடு காட்டும் நாள் செலவு 1,805 ஆகிவிடுகிறது. சிறிய உடலைத் தாங்குவதற்கும் நகர்த்துவதற்கும் குறைந்த ஆற்றலே போதும் என்பதைத் தவிர இதில் மர்மம் எதுவுமில்லை.

ஆனால் சரிவு அத்துடன் நிற்பதில்லை. ருடால்ஃப் லைபெல், மைக்கேல் ரோசன்பாம், ஜூல்ஸ் ஹிர்ஷ் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, எடையில் 10 சதவீதம் இழந்தவர்களின் ஆற்றல் செலவு, அவர்களுடைய புதிய உடல் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடியதைவிடவும் குறைந்திருப்பதைக் காட்டியது. கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதும், அதனை மூளை பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதும் இதற்கு முக்கியக் காரணங்கள். நம் கணக்கில் இதற்கு 100 கலோரி ஒதுக்கினால், உண்மையான செலவு 1,700 அளவில் நிற்கும். 1,500 உண்டால் மீதமிருக்கும் பற்றாக்குறை வெறும் 200.

பசியும் அதே இடத்தில் நிற்பதில்லை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தை எடுத்துக்கொண்டவர்களை வைத்து, 2016-இல் ஹாலும் உடனிருந்தவர்களும் ஒரு நுட்பமான கணக்கைப் போட்டார்கள். மருந்தால் நாள்தோறும் கலோரி வெளியேறுவது அவர்களுக்கு உணர்வில் தெரியாது. ஆகவே எடை குறையக் குறைய அவர்கள் எவ்வளவு கூடுதலாக உண்டார்கள் என்பதை, மன உறுதி, டயட் ஆசை போன்ற கலப்பில்லாமல் பிரித்தறிய முடிந்தது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுதலாக உண்ணும் உந்துதல் எழுந்தது. செலவில் ஏற்பட்ட சரிவோ கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். எடை நின்றுபோவதற்கு வளர்சிதை மாற்றத்தைவிடப் பசியே பெரிய காரணம் என்று நான் கருதுவது இதனால்தான். மேலே சொன்ன பெண் நான்கு வாதுமைகள் கூடுதலாகவும், சற்றுத் தாராளமாக எண்ணெயும், ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் சேர்த்துக்கொண்டால் போதும். 200 கலோரி இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. கடைசி மூன்று கிலோ பல நேரங்களில் மருத்துவரின் தேவையல்ல, கண்ணாடி முன் நிற்பவரின் தேவை என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைப்பது நல்லது. உடல் அதற்கு இத்தனை எதிர்ப்புக் காட்டுவதில் வியப்பில்லை.

எண்ணியே ஆக வேண்டும் என்றால், எண்ணும் முறை எவ்வளவு நம்பகமானது? ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற மதிப்புகள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் ஆட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. உணவை எரித்து அளந்த வெப்பத்திலிருந்து, மலத்திலும் சிறுநீரிலும் வீணாவதைக் கழித்து அவர் பெற்ற சராசரிகள் அவை. சராசரி என்பதால் தனித்தனி உணவில் பிசகும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் வாதுமையைச் சோதித்தபோது, 28 கிராமில் சுமார் 170 கலோரி என்று கணக்கிடப்பட்டதில் 129 மட்டுமே உடலில் சேர்வது தெரிந்தது. வாதுமையின் கடினமான செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பு செரிக்காமலேயே வெளியேறிவிடுகிறது. அதையே அரைத்து விழுதாக்கினால் சுவர்கள் உடைந்து கூடுதல் கொழுப்பு கிடைக்கும்.

இந்தப் பிழைகளைவிடப் பெரியது மனிதப் பிழை. எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை 1992-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்கள் தாங்கள் உண்பதை 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும். மாவுச்சத்து குறைந்த உணவில் இந்த ஏமாற்றம் இன்னும் கடுமையாகிறது. கீரையை 20 கிராம் கூடுதலாக எடுத்தால் ஐந்து கலோரிகூட ஏறாது; எண்ணெயை 20 கிராம் கூடுதலாக ஊற்றினால் 180 கலோரி ஏறிவிடும், அதாவது அந்த நாளின் பற்றாக்குறை ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், 120 கலோரி. ஆனால் குப்பியைச் சாய்த்து வாணலியில் ஒரு சுற்று ஊற்றுபவருக்கு அது ஒரு கரண்டியா இரண்டா என்பது தெரியவே தெரியாது. சமையலறைத் தராசில் எண்ணெய்க் குப்பியை வைத்து அளவைச் சுழியமாக்கிவிட்டு, ஊற்றியபின் குப்பியை மீண்டும் வைத்தால், குறைந்த எடை கழித்தல் குறியுடன் தெரியும். வெண்ணெய், பாலாடைக்கட்டி, வாதுமை விழுது ஆகியவற்றுக்கும் இதுவே வழி. எல்லாவற்றையும் எடைபோட வேண்டிய கட்டாயம் இல்லை. கொழுப்பு செறிந்த ஐந்தாறு பொருள்களை மட்டும் எடைபோட்டாலே பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது என் கருத்து. மாவுச்சத்து இல்லை என்ற அடையாளத்துடன் விற்கப்படும் இனிப்புகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அவற்றில் பயன்படும், சர்க்கரை ஆல்கஹால்கள் எனப்படும் இனிப்பூட்டிகளில் எரித்ரிட்டால் கிட்டத்தட்டக் கலோரியற்றது என்றாலும், மால்டிட்டாலில் கிராமுக்கு 2 கலோரிக்குச் சற்று மேல் இருக்கிறது. கூடவே கொழுப்பும் இருக்கும்.

எண்கள் முற்றிலும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே முறையில் தொடர்ந்து எண்ணினால், பிழையும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதனால் கூட்டிக் குறைப்பதன் விளைவைப் பார்க்க முடியும். விளைவு தெரிவதற்குத்தான் பொறுமை தேவைப்படுகிறது. 200 கலோரிப் பற்றாக்குறையில் நாளொன்றுக்குக் கரையும் கொழுப்பு 26 கிராம். உப்பு, குடல் நிறைவு, மாதவிடாய்ச் சுழற்சி, உடற்பயிற்சிக்குப் பின் தசையில் தங்கும் நீர் ஆகியவற்றால் ஒருவர் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோவரை ஏறியிறங்கும். அடைமழைச் சத்தத்தில் கைக்கடிகாரத்தின் துடிப்பைத் தேடுவது போன்றதுதான், இன்றைய எடையை நேற்றைய எடையுடன் ஒப்பிட்டுக் கொழுப்பைத் தேடுவது. ஒரு விருந்தில் 300 கிராம் மாவுச்சத்து உண்டு அது கிளைக்கோஜனாகச் சேர்ந்தால், நீருடன் சேர்த்து 1.2 கிலோ ஏறும். ஆறு வாரப் பலன் ஓரிரவில் போய்விட்டதாகத் தோன்றும். ஏழு நாட்களின் சராசரியை எடுத்து, நான்கு வாரங்களுக்குப் பின் ஒப்பிட்டால்தான் 700 கிராம் என்ற சிறு இறக்கம் கண்ணில் படும்.

அந்தச் சராசரியும் அசையவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 கலோரியைக் குறைக்கலாம். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், உண்ணுதல் தொடர்பான மனநலச் சிக்கல் இருந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. குறிப்பாக, மேலே சொன்ன சிறுநீர் வழிச் சர்க்கரை நீக்கும் மருந்தும் மாவுச்சத்துக் குறைப்பும் சேர்ந்தால், இரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன்கள் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். மற்றவர்கள் குறைக்க வேண்டியது கொழுப்பையே. புரதத்தில் கை வைத்தால் பசி கூடும், தசையும் கரையும். புரதம் தரும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரித்துப் பயன்படுத்துவதிலேயே செலவாகிவிடும் என்பதால், கொழுப்பில் 3 சதவீதத்துக்கு மேல் போகாத அந்தச் செலவோடு ஒப்பிட, அதை வைத்துக்கொள்வதே இலாபம். காய்கறிகளைக் குறைத்தால் கிடைப்பது சொற்பக் கலோரிதான். தொடக்க மாதங்களில் பசியை அடக்குவதற்காகத் தாராளமாகச் சேர்த்துப் பழகிய வெண்ணெயும் எண்ணெயும் பாலாடையும்தான் மீதமிருக்கின்றன. நாளொன்றுக்கு அவற்றில் 11 கிராம் கொழுப்பைக் குறைத்தாலே 100 கலோரி கழிந்துவிடும். எரிபொருளுக்காக அந்தப் பதினொரு கிராமை உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.