கோர்ட் ‘மதம்’ என்று சொன்னால்

மெல்பேர்னில் அறக்கட்டளை, வரி தொடர்பான வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். அண்மையில் ஓர் அம்மா ரசீதுக் கட்டோடு வந்தார். மகன் ஏதோ ஆன்மிக வகுப்புக்குக் கட்டிய பணம். “சயன்டாலஜியையே கோர்ட் மதம்னு ஏத்துக்கிச்சாம், எங்களதுக்கு என்ன குறைன்னு அங்க சொல்றாங்களாம். அப்போ நம்பிக் கட்டலாமா தம்பி?”

அந்த வழக்கு இங்கே விக்டோரியாவில் பிறந்ததுதான். சயன்டாலஜி என்பது ஹப்பர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கிய ஓர் இயக்கம். 1965-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்த மாநிலம் இது. பின்னாளில் ‘புதிய நம்பிக்கையின் சபை’ என்ற பெயரில் இயங்கிய அந்த அமைப்பிடம் அரசு சம்பளப்பட்டியல் வரி (ஊழியர் சம்பளத்தின் மேல் நிறுவனம் கட்டும் வரி) கேட்டது. மத நிறுவனம் என்றால் விலக்கு உண்டு. மாநில நீதிமன்றங்கள் கைவிரித்தன. 1983 அக்டோபரில், ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஐந்து நீதிபதிகளும் சபையின் பக்கம் நின்றார்கள். இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒன்றில் நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்கேற்ற ஒழுகுமுறை: இந்த இரண்டையும்தான் அவர்களில் மேசனும் பிரென்னனும் அளவுகோலாக வைத்தார்கள். நம்பிக்கை உண்மையா, நிறுவனர் ஹப்பர்ட் யோக்கியரா என்றெல்லாம் தீர்ப்பு சொல்ல அவர்கள் உட்காரவில்லை. முடிவானது வரி விலக்கு மட்டும்.

இங்கிலாந்துக் கதை இன்னும் தெளிவு. லண்டன் சயன்டாலஜி ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ள விரும்பிய லூயிசா ஹாட்கினுக்காக, 2013 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தன் கீழ் நீதிமன்றத்தின் 1970-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒதுக்கி, ஆலயத்தை வழிபாட்டிடமாகப் பதிய உத்தரவிட்டது. அதே நாட்டின் அறக்கொடை ஆணையம் 1999-இலேயே, அறக்கொடை அமைப்பாகப் பதியக் கேட்ட அவர்களின் விண்ணப்பத்தை மறுத்திருந்தது. திருமணப் பதிவு ஒரு சட்டம், அறக்கொடை வேறொரு சட்டம். ஹாட்கின் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே அமைப்பின் மோசடித் தண்டனையை உறுதி செய்திருந்தது. மதமா என்பது ஒரு கேள்வி, மோசடியா என்பது வேறு கேள்வி.

பணத்துக்கு வருவோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல், நிர்ணயித்த கட்டணம் வாங்கிக்கொண்டு சயன்டாலஜி நடத்தும் ‘ஆடிட்டிங்’ என்ற ஆன்மிக ஆலோசனை அமர்வுகளுக்குக் கொடுத்தது நன்கொடை ஆகாது, பண்டமாற்று என்றது. 1993-இல் அங்கே கிடைத்த வரி விலக்கோ வருமான வரித் துறையுடனான உடன்பாட்டில் வந்தது. எந்த நீதிபதியும் தந்ததல்ல. ஆஸ்திரேலியாவில் ஓர் அமைப்பு மதம் என்று பெயரெடுத்தாலும், அதற்குக் கொடுக்கும் காசைப் பொதுவாக நம் வருமானத்தில் கழிக்க முடியாது. இது கோயில் உண்டியலுக்கும் பொருந்தும். ஆண்டுதோறும் இங்கே நிதியாண்டு முடியும் ஜூன் மாதக் கடைசியில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறள்கிறது!

அம்மாவின் ரசீதுகளைப் புரட்டினேன். முன்பக்கம் ‘நன்கொடை’. பின்பக்கம் நிலை இரண்டு, பன்னிரண்டு மணி நேரம், இத்தனை டாலர். கட்டணச் சேவை என்றால் நுகர்வோர் சட்டத்தை வைத்துப் பேச இடமிருக்கிறது. பாதியில் நின்ற வகுப்புகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு மகன் பெயரில் கடிதம் எழுதினோம். கையெழுத்துப் போட அவனுக்கு இரண்டு வாரம் ஆனது.