புல் ஓரிடம், தண்ணீர் ஓரிடம்

காட்டுக்குதிரையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குதிரையை அல்ல, அதன் லத்தியை. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தென்மேற்கே, ஒனாக்கி மலைகளை ஒட்டிய வறண்ட சமவெளியில் அது குவியல் குவியலாகக் கிடக்கும். காய்ந்த உருண்டை ஒன்றை எடுத்துப் பிட்டால் உள்ளே புல்லின் நார் துணுக்குத் துணுக்காகத் தெரியும். மாட்டுச் சாணத்தில் இப்படிப் பார்க்க முடியாது. அது அரைத்தெடுத்த விழுதுபோல இருக்கும். மஸ்டாங் எனப்படும் இந்தக் காட்டுக்குதிரை அந்தப் பொட்டல் நிலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்பதற்குப் பாதி விடை இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது.

மாடு அசைபோடும் விலங்கு. தின்றதை ஊறவைத்து, மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மென்று, நன்றாகப் பொடியான பிறகுதான் கீழே அனுப்பும். சத்தை ஒட்டப் பிழிந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். புல் முரடாக இருந்தால் இன்னும் தாமதம். இரைப்பை நிரம்பிக் கிடக்கும்போது மேலே தின்னவும் வழியில்லை. குதிரைக்கு ஒற்றை இரைப்பைதான். நாரை நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும் வேலை பின்பக்கம், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை நாளில் சக்கை வெளியே வந்துவிடும். பிழிவது குறைவு, உள்ளே போடுவது அதிகம். நாளுக்கு 15, 16 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருந்தால் மட்டமான புல்லிலும் காலம் தள்ளிவிடலாம். சிக்கனக்கார மாடு திணறும் இடத்தில் ஊதாரிக் குதிரை தப்பித்துக்கொள்கிறது.

ஜூன் தொடக்கத்தில் இந்த ஊதாரித்தனம் சோதனைக்கு உள்ளாகும். ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழை பெறும் பூமி அது. வசந்தத்தில் பச்சையாகக் கிளம்பிய சீட்கிராஸ் என்னும் வந்தேறிப் புல் அதற்குள் செந்நீலமாகி, வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். பச்சைப் புல்லோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்த ஈரமும் அத்தோடு நின்றுவிடுகிறது.

வெயில் ஏற ஏறக் குதிரைக்கு வியர்க்கும், நமக்கு வியர்ப்பதைப் போலவே. அந்த வியர்வையில் லாதரின் என்றொரு புரதம் இருக்கிறது. சோப்பைப் போல நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெய்ப் பிசுக்குள்ள மயிரின் மேல் வியர்வையைப் படரவிடும். படர்ந்தால்தான் சட்டென்று ஆவியாகும். ஓடி வந்த குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளையாக நுரை தள்ளியிருப்பது இதனால்தான். அருமையான ஏற்பாடு, ஆனால் செலவெல்லாம் தண்ணீர். கோடையில் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் வேண்டும். தினமும் 10 லிட்டருக்கு மேல் பால் சுரக்கும் தாய்க்கு அதுவும் போதாது.

ஊற்றருகே உள்ள புல்லை எல்லாரும் மேய்ந்து தரையோடு தரையாக்கிவிடுவதால், தின்னும் இடமும் குடிக்கும் இடமும் விலகிப்போகின்றன. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் காட்டுக்குதிரைகளுக்கு ஜிபிஎஸ் கருவி கட்டிப் பார்த்தபோது, நீர்நிலையிலிருந்து 55 கிலோமீட்டர் தள்ளிக்கூட அவை மேய்ந்தன. ஒனாக்கிக் குதிரைகள் குடிக்க வரும் இடங்களில் ஒன்று சிம்ப்சன் ஸ்பிரிங்ஸ். 1860இல் போனி எக்ஸ்பிரஸ் அஞ்சல் குதிரைகளுக்கு அங்கே நிலையம் போட்டதும் அந்தத் தண்ணீருக்காகத்தான்.

மஸ்டாங் என்ற சொல்லின் ஸ்பானிய மூலத்துக்கு உடையவரில்லாத கால்நடை என்று பொருள். ஸ்பானியர் கொண்டுவந்து தப்பவிட்டவையும் பின்னாளில் பண்ணைகளிலிருந்து அவிழ்ந்து போனவையும் கலந்த வம்சம் இது. (நெடுந்தீவின் மட்டக்குதிரைகளும் ஐரோப்பியர் விட்டுச்சென்றவற்றின் வழிவந்தவையே.)

ஊற்றருகே உட்கார்ந்து, தொலைநோக்கியில் காதுகளைக் கவனியுங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் குதிரைகளுக்குக் குதிரைப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். தீனி வாளி எந்தப் பக்கம் என்பதைப் படத்திலிருந்த குதிரையின் கண்ணையும் காதையும் வைத்தே அவை கண்டுகொண்டன. இரண்டில் ஒன்றை மறைத்தபோது தடுமாறின. ஒரு குதிரை காதைத் திருப்பினால் மந்தை முழுக்க அந்தத் திசைக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். உங்களை நோக்கி எல்லாக் காதுகளும் திரும்பிவிட்டால் நீங்கள் நெருங்கியது அதிகம் என்று பொருள்; பின்வாங்கிவிடுவது மரியாதை.

மந்தையை ஒரு மூத்த பெண் குதிரை நடத்திச் செல்கிறது என்ற பேச்சு மிகப் பிரபலம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காட்டுக்குதிரைகளைப் பின்தொடர்ந்தவர்கள், எந்தக் குதிரை வேண்டுமானாலும் முதலில் கிளம்புவதைக் கண்டிருக்கிறார்கள். கென்யாவின் வரிக்குதிரைகளில் பாலூட்டும் தாய்கள்தாம் அதிகம் கிளப்பிவிட்டன. அங்கே முன்னால் நடப்பது பதவி அல்ல, தாகம்.

கோடைத் தொடக்கத்தில் ஊற்றங்கரையில் சச்சரவு மிகுவதற்குக் காரணம் உண்டு. பதினொரு மாதச் சினை. குட்டிகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பிறக்கும். ஈன்ற ஏழெட்டு நாளிலேயே தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே தள்ளாடும் குட்டியோடு வரும் ஒவ்வொரு பெண் குதிரையின் பின்னாலும் பதற்றமான ஓர் ஆண் நிற்கும். துணையில்லாத இளம் ஆண்கள் கூட்டமாக ஓரத்தில் காத்திருக்கும். இந்தத் தாய்களின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறை 1983இல் டெக்சாஸில் உருவானது; அதில் இந்தப் பருவத்துத் தாய்களுக்குத்தான் மதிப்பெண் சரியும்.

மஸ்டாங்கை மட்டும் நேசிப்பவர்கள் வசதியாக மறக்கும் ஒன்றும் உண்டு. அதே உட்டா பாலையில் நீர்நிலைகளில் கேமரா வைத்துப் பார்த்ததில், குதிரைகள் புழங்கும் இடங்களுக்கு அந்த மண்ணுக்கே உரிய விலங்குகள் குறைவாகவே வந்தன. 1971இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகு குதிரைகளின் எண்ணிக்கை பெருகியது. 2021 ஜூலையில் ஹெலிகாப்டர் வைத்து ஒனாக்கி மந்தையில் சில நூறைப் பிடித்தார்கள். பெண் குதிரைகளுக்குக் கருத்தடை ஊசியைத் துப்பாக்கியால் செலுத்துவதும் நடக்கிறது. எந்தக் குதிரைக்கு ஊசி போட்டோம் என்று தெரிய, நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் எழுதிவைக்கிறார்கள்.

குடித்து முடித்த கூட்டம் புல்லை நோக்கி வரிசையாகத் திரும்பும். ஆண் குதிரை மட்டும் பாதையோரத்து லத்திக் குவியலில் நின்று முகரும், மேலுதட்டைச் சுருட்டும், குளம்பால் கிளறும், திரும்பி நின்று அதன் மேலேயே தானும் போடும், மறுபடி குனிந்து முகர்ந்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் அடுத்த கூட்டத்தின் ஆண் அதே குவியலுக்கு வரும்.