ஹாஷ் டேபிளில் கைவைக்கும் சிறிய பேட்ச்கள்

தரவுத்தள மென்பொருளில், 'செயல்பாடு மாறவில்லை, நிரலை மட்டும் சீராக்கியிருக்கிறேன்' என்ற குறிப்போடு வரும் பேட்சுக்கு (நிரல் மாற்றத்துக்கு) பலர் இரண்டே நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். அது ஹாஷ் டேபிளை, அதாவது சாவியைக் கொண்டு பதிவைத் தேடும் அட்டவணையை, தொடுமானால், பத்தே வரியானாலும் நான் நிதானமாகத்தான் படிக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மூலநிரலில் உள்ள டைனாஹாஷ் என்ற ஹாஷ் டேபிளை எடுத்துக்கொள்வோம். சாவி ஒரு ஸ்ட்ரக்டாக (பல புலங்களின் தொகுப்பாக) இருந்து, ஹாஷ் பிளாப்ஸ் என்ற கொடியும் தரப்பட்டிருந்தால், அதன் பைட்டுகள் அத்தனையும், புலங்களுக்கு நடுவே கம்பைலர் விடும் வெற்று பைட்டுகள் உட்பட, ஹாஷ் கணக்கிலும் ஒப்பீட்டிலும் சேர்ந்துவிடும். 4 பைட் முழு எண்ணும் 1 பைட் எழுத்தும் கொண்ட ஸ்ட்ரக்ட் வழக்கமாக 8 பைட் இடம் பிடிக்கும். மீதி 3 பைட்டில் பழைய குப்பை இருந்தால், நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சாவிகள் டேபிளுக்கு வெவ்வேறாகிவிடும். நினைவகப் பகுதி முழுவதையும் ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் அழைப்பு அந்த 3 பைட்டையும் சுழியாக்கும். அதை நீக்கிவிட்டு, மாறியை அறிவிக்கும்போதே சுழியிட்டுத் தொடங்குவது பார்க்க அழகுதான். ஆனால் வெற்று பைட்டுகளும் சுழியாகும் என்ற உறுதியை சி மொழியின் சி99, சி11 தரநிலைகள் அதற்குத் தரவில்லை. 2022இல் போஸ்ட்கிரெஸில் இத்தகைய மாற்றம் பெருமளவில் செய்யப்பட்டபோது, இந்தச் சிக்கல் உள்ள இடங்களை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். சோதனைகளை நம்பியும் பயனில்லை. அந்த மாறி இடம்பெறும் நினைவகமான ஸ்டாக்கில் தற்செயலாகச் சுழி இருந்தால் எல்லாம் பச்சையாகவே காட்டும். ஆகவே மெம்செட்டை விட்டுவைக்கச் சொல்வதோடு, காரணத்தையும் அதன் மேல் ஒரு வரியில் எழுதச் சொல்கிறேன். இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேறொருவர் அதே துப்புரவோடு வந்து நிற்பார்.

டேபிளை முழுதாகச் சுற்றிவரும் லூப்பில், தேடியது கிடைத்ததும் வெளியேறும்படி ஒரு பிரேக்கைச் சேர்ப்பதும் இவ்வகைதான்: சுற்றை முடித்துவைக்கும் ஹாஷ் சீக் டெர்மை அழைக்காமல் வெளியேறினால் அந்த ஸ்கேன் திறந்தே கிடக்கும்.

டைனாஹாஷை போஸ்ட்கிரெஸின் இன்னொரு ஹாஷ் டேபிளான சிம்பிள்ஹாஷாக மாற்றும் பேட்ச்களுக்கு வேகம் ஒரு நியாயமான காரணம். ஆனால் டைனாஹாஷில் ஒரு பதிவு நீக்கப்படும் வரை இடம் மாறாது, சிம்பிள்ஹாஷிலோ புதிய பதிவைச் சேர்க்கும்போதும் ஒன்றை நீக்கும்போதும் மற்றவை நகரக்கூடும். எனவே மாற்றிய வரிகளோடு நிறுத்தாமல், பதிவின் பாயின்டரை (நினைவக முகவரியை) யார் யார் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்று மாறாத கோப்புகளிலும் தேடிப் பார்த்த பிறகே ஒப்புதல் தருகிறேன்.